மூச்சுக்கும் ஒத்திகை வேண்டும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஆரக்கிள் என்ற சிற்றூரை அடுத்த வறண்ட நிலத்தில், மூன்று ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பில் கண்ணாடியும் இரும்புமாக ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு பெண்களும் நான்கு ஆண்களும் அதற்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு வெளிக்காற்று இல்லை, வெளி நீர் இல்லை, வெளி உணவும் இல்லை என்பது ஏற்பாடு. கட்டடத்தின் பெயர் ‘பயோஸ்பியர் 2’. உள்ளே ஒரு சிறு மழைக்காடு, புல்வெளி, அலையாத்திச் சதுப்பு, பவளப்பாறையோடு ஒரு குட்டிக் கடல், அரை ஏக்கர் அளவு விளைநிலம், ஆடு, கோழி, பன்றி எல்லாம் இருந்தன. நிலவிலோ செவ்வாயிலோ மனிதர் நிலையாக வாழ முடியுமா என்பதைப் பூமியிலேயே சோதித்துப் பார்ப்பது நோக்கங்களுள் ஒன்று. டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்துச் செல்வந்தர் எட் பாஸ் பணம் கொடுத்தார். 15 கோடி டாலருக்குக் குறையாமல் செலவானது.

சில மாதங்களில் உள்ளே இருந்தவர்களுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தூக்கம் கெட்டது. நீளமாக ஒரு வாக்கியம் பேசி முடிப்பதே சிரமமானது. காற்றில் 21 விழுக்காடு இருந்த ஆக்சிஜன், பதினாறு மாதங்களில் 14 விழுக்காட்டை நெருங்கிவிட்டிருந்தது. நான்காயிரம் மீட்டர் உயர மலையில் இருப்பவருக்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று.

எங்கே போனது அந்த ஆக்சிஜன்? விளைச்சல் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்கு உரம் நிறைந்த மண்ணை உள்ளே கொட்டியிருந்தார்கள். அந்த மண்ணின் கோடானுகோடி நுண்ணுயிர்கள் மட்கைத் தின்று, ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, கரியமில வாயுவை வெளியிட்டன. செடிகள் அதை ஈடுசெய்யும் வேகம் போதவில்லை. இதுவரை புரிகிறது. ஆனால் அப்படியானால் காற்றில் கரியமில வாயு அதே அளவு கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. கணக்கு உதைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புவிவேதியியலாளர்கள் ஜெஃப் செவரிங்ஹாஸும் வாலஸ் புரோக்கரும் அவர்களுடைய குழுவினரும் கட்டடத்தின் சுவரிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. உள்ளே பூசப்படாமல் விடப்பட்ட கான்கிரீட், கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்புப் படிவமாக மாற்றிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரின் மூச்சு சுவருக்குள் போய் உறைந்திருந்தது.

அந்த வீட்டை வடிவமைத்தவர்கள் திறமைக் குறைவானவர்கள் அல்லர். சூழலியலாளர்கள், பொறியாளர்கள், மருத்துவர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து திட்டமிட்டது அது. மழைக்காட்டுக்கு எந்தச் செடி என்று தாவரவியல் அறிஞர்களைக் கேட்டார்கள். கான்கிரீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் அழிந்தன; அழைக்காமல் வந்த எறும்பும் கரப்பானும் பெருகின. பயிர் விளைந்தது, ஆனால் வயிறு நிறையவில்லை. எட்டுப் பேரும் மெலிந்து போனார்கள். எட்டுப் பேர் நாலு நாலாகப் பிரிந்து ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலையும் வந்தது. கரியமில வாயுவை நீக்கும் கருவியொன்று உள்ளே இருந்ததை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லாததால் நம்பகத்தன்மையும் போயிற்று. பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கேலி தவறு என்றே நான் நினைக்கிறேன். விண்வெளிக் குடியேற்றம் பற்றி இதுவரை நடந்த சோதனைகளில் நமக்கு அதிகம் கற்றுத்தந்தது பயோஸ்பியர் 2. மூச்சுத் திணறியபோது கதவுக்கு வெளியே லாரியில் ஆக்சிஜன் வந்து நின்றது. நிலவில் அந்த லாரி கிடையாது.

நம் நாட்டுக்கு இது இப்போது நேரடியான பிரச்சினை. 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு, நிலையத்தின் முதல் கூடத்தையும் சேர்த்து, 20,193 கோடி ரூபாய் ஒதுக்க 2024 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ககன்யானில் மூன்று பேர் மூன்று நாள் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருவார்கள். மூன்று நாளுக்குக் காற்றையும் நீரையும் கையோடு எடுத்துப்போய்விடலாம். மூன்று மாதத்துக்கு அப்படி எடுத்துப்போக முடியாது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவுக்கு ஒத்திகையின் அருமை தெரியாததல்ல. நிலவில் இறங்கும் கலத்தின் கால்களையும் உலவியின் சக்கரங்களையும் சோதிக்க நிலவு மண் வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து அதை வாங்கினால் செலவு மிகும் என்பதால், நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறையை அரைத்து நிலவு மண்ணைப் போலவே ஒரு மண்ணை உருவாக்கினார்கள். 2020-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் நிலவில் பதமாகக் கால் பதித்ததற்குப் பின்னால் அந்தக் கொங்குப் பாறையும் இருக்கிறது. ஒரு சக்கரம் உருளுமா என்று பார்க்க டன் கணக்கில் மண் அரைத்தவர்கள், மனிதர் மூச்சு விடுவாரா என்று பார்க்க ஒரு மூடிய வீட்டைக் கட்டியாக வேண்டும். இந்தக் கட்டுரை கேட்பது அதைத்தான்.

இரண்டு விழுக்காடும் மீதிக் குப்பையும்

மூடிய வாழ்வில் மனிதகுலம் எட்டிய உச்சம் பன்னாட்டு விண்வெளி நிலையம். 2000 நவம்பரிலிருந்து ஒருநாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. அங்கே சிறுநீர், வியர்வை, மூச்சில் கலந்த ஈரம் எல்லாம் பிடிக்கப்பட்டு மறுபடி குடிநீராகின்றன. கடைசியில் எஞ்சும் உப்புக் குழம்பிலிருந்தும் நீரைப் பிரிக்கும் கருவியைச் சேர்த்த பிறகு, 98 விழுக்காடு நீரை மீட்டுவிட்டதாக 2023-இல் நாசா அறிவித்தது. அருமையான சாதனை. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் நீர் தேவைப்படும் இடத்தில், ஒவ்வொரு லிட்டரையும் ராக்கெட்டில் ஏற்ற வேண்டியிருந்தால் அந்த நிலையம் நீடித்திருக்கவே முடியாது.

ஆனால் நீரைத் தாண்டினால் வட்டம் முழுமையாக மூடவில்லை. வெளிவிடும் கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜனைப் பாதி அளவுக்கு மேல் மீட்க முடியவில்லை. மீதிக் கரியமில வாயுவும், மீட்கும்போது உண்டாகும் மீத்தேனும் வெளியே விடப்படுகின்றன. உணவு, ஆய்வுக்காக வளர்த்த கொஞ்சம் கீரை தவிர, முழுக்கப் பூமியிலிருந்து போகிறது. மலமும் உடுத்தி முடித்த துணியும் உணவுப் பொட்டலங்களும் சரக்குக் கலத்தில் அடைக்கப்பட்டு வளிமண்டலத்தில் எரிக்கப்படுகின்றன. எரிவதால் எதுவும் காணாமல் போய்விடுவதில்லை. அடுக்கு மண்டலத்தில் மிதக்கும் கந்தக அமிலத் துகள்களில் பத்தில் ஒரு பங்கில், எரிந்து விழுந்த விண்கலங்களின் அலுமினியமும் பிற உலோகங்களும் கலந்திருப்பதை 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. எரியாததும் உண்டு. 2021-இல் நிலையத்திலிருந்து கழற்றி விடப்பட்ட பழைய மின்கலத் தட்டின் முக்கால் கிலோ எடையுள்ள உலோகத் துண்டு, 2024 மார்ச் 8 அன்று ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு வீட்டின் கூரையையும் இரண்டு தளங்களையும் துளைத்துக்கொண்டு இறங்கியது. வீட்டில் இருந்த சிறுவன் உயிர் தப்பினான்.

மேலேயே தங்கிவிடும் குப்பையோ இன்னும் கொடியது. 2025 நவம்பரில் சீனாவின் தியான்கோங் நிலையத்திலிருந்து திரும்ப வேண்டிய மூன்று வீரர்கள், தங்கள் கலத்தின் சன்னல் கண்ணாடியில் விரிசல் கண்டதால் வேறொரு கலத்தில் திரும்பினார்கள். மாற்றுக் கலம் வந்துசேரும்வரை, நிலையத்தில் இருந்த அடுத்த குழுவுக்கு அவசரத்தில் தப்பி வர வாகனம் இல்லாமல் இருந்தது. மிகச் சிறிய குப்பைத் துகள் பட்டதே காரணம் என்று சீன அதிகாரிகள் கருதினார்கள். விண்வெளிக்கு மனிதர் போய் வரும் வழியே இப்படி இருக்க, அங்கே ஊர் எழுப்புவது பற்றி என்ன பேச?

விண்குப்பை விஷயத்தில் இந்தியா செய்துவருவது பெருமைக்குரியது. 2030-க்குள் எல்லா இந்திய விண்பயணங்களும், தனியார் பயணங்கள் உட்பட, குப்பையில்லாமல் நடக்க வேண்டும் என்று 2024-இல் இஸ்ரோ அறிவித்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டம் வேலை முடிந்ததும் வெறும் குப்பையாகச் சுற்றிக்கொண்டிருக்கும்; அதையே ஆய்வு மேடையாக்கி, பணி முடிந்ததும் வளிமண்டலத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள். 2024 டிசம்பர் 30 அன்று ஏவிய ராக்கெட்டின் அத்தகைய மேடையில்தான் எட்டுத் தட்டைப்பயறு விதைகள் நான்கே நாளில் முளைவிட்டு, பிறகு இலையும் விட்டன. நம் வீட்டுச் சமையலறைப் பயறு. குப்பையாக வேண்டிய ஒன்றின் மேல் ஒரு விதை முளைத்தது இந்திய விண்வெளித் துறை செய்த மிக அழகான காரியங்களுள் ஒன்று என்பேன். 2025-இல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு நிலையத்தில் வெந்தயத்தையும் பச்சைப்பயறையும் முளைக்க வைத்தார்.

முளைப்பது வேறு, எட்டுப் பேருக்குச் சோறு போடுவது வேறு. இடையில் இருக்கும் தொலைவைக் கடக்கத்தான் மூடிய வீடு தேவைப்படுகிறது. மற்றவர்கள் அந்த வழியில் நெடுந்தூரம் போய்விட்டார்கள். சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க்கில், 315 கனமீட்டர் கொள்ளளவுள்ள நிலவறையில், குளோரெல்லா பாசியும் கோதுமையும் தரும் காற்றை நம்பி மூன்று பேர் 180 நாள் வாழ்ந்தது 1972-73-இலேயே நடந்தது. பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தில் ‘நிலவு மாளிகை’ என்ற கூடத்தில் மாணவர்கள் இரு குழுவாக மாறி மாறி 370 நாள் இருந்து 2018 மே மாதம் வெளியே வந்தார்கள். புரதத்துக்கு அவர்கள் வளர்த்துத் தின்றது புழு. ஐரோப்பிய விண்வெளி முகமை 1989 முதல் நடத்திவரும் ‘மெலிசா’ திட்டம், பார்சிலோனாவில் நுண்ணுயிரும் ஸ்பைருலினாப் பாசியும் பயிரும் ஒன்றின் கழிவை மற்றொன்று உண்ணும்படி கோத்து, எலிகளை வைத்துச் சோதித்து வருகிறது.

ஸ்பைருலினா நமக்குப் புதிதல்ல. சென்னையின் முருகப்பா செட்டியார் ஆய்வு மையத்தில் சி.வி.சேஷாத்ரி, அந்தப் பாசியைக் கிராமத்துப் பெண்கள் மண்பானையில் வளர்க்கும் அளவுக்கு எளிமையாக்கி, ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்க வழி செய்தார். அவர் யோசித்தது ஏழைக் குடிசையைப் பற்றி. அந்த அறிவு விண்வெளிக்கும் அப்படியே பொருந்தும்: குறைந்த இடம், குறைந்த நீர், எளிய பழுதுபார்ப்பு. கருவி பழுதானால் கையிலிருக்கும் பொருளைக் கொண்டு சரிசெய்யத் தெரிந்தவர்கள்தான் நிலவில் பிழைப்பார்கள். அந்தத் திறமை நம்மிடம் குறைவில்லை. அதை விண்வெளித் துறையோடு இணைக்க ஓர் இடம்தான் இல்லை.

கடைமடைக்காரரின் பங்கு

செவ்வாய்க்குப் போய்ப் பத்து லட்சம் பேர் வாழும் நகரம் அமைக்கப் போவதாக எலான் மஸ்க் போன்றவர்கள் சொல்லிவருகிறார்கள். செவ்வாய்க்குப் போன பெர்சிவரன்ஸ் உலவியில் ‘மாக்ஸி’ என்று ஒரு சிறு கருவி இருந்தது. அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து அது 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் தயாரித்தது. மிகச் சரியாக வேலை செய்த, பாராட்டத்தக்க கருவி. ஒரு மனிதருக்கு அது மூன்றரை மணி நேரத்துக்குப் போதும். போய்வரும் பயணத்தில் மட்டும் உடலில் ஏறும் கதிர்வீச்சு மூன்றில் இரண்டு சீவெர்ட் என்று கியூரியாசிட்டி உலவியின் கருவி அளந்தது. மண்ணிலோ பெர்குளோரேட் நச்சு. உதவிக் கலம் அனுப்பத் தோதான காலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே இந்தத் தலைமுறைக்குச் செவ்வாய்க் குடியேற்றம் பற்றிய பேச்சு தேவையில்லை. நிலவு தேவை. மூன்று நாள் பயணத்தில் இருக்கிறது. தவறினால் திரும்பி வரலாம்.

நிலவில் நீர் மூலக்கூறு இருப்பதை 2009-இல் உலகுக்குச் சொன்னது சந்திரயான்-1 சுமந்து சென்ற கருவி. அதே ஆண்டு அக்டோபரில் நாசா, தென்துருவத்தின் கபேயஸ் பள்ளத்தில் ஒரு ராக்கெட் பாகத்தை மோதவிட்டு, எழும்பிய புழுதியில் ஏறக்குறைய 155 கிலோ நீரைக் கண்டது. சூரிய ஒளியே படாத பள்ளங்களில் பனிக்கட்டியும், அவற்றின் விளிம்பில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் படும் முகடுகளும் அருகருகே இருக்கின்றன. நீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் கிடைக்கும் அத்தகைய முகடுகள் சிலதான். அமெரிக்கா தலைமையிலான கூட்டணியும், சீனாவும் ரஷ்யாவும் சேர்ந்த கூட்டணியும் குறிவைப்பது அதே தென்துருவத்தை.

1967-இன் விண்வெளி உடன்படிக்கைப்படி நிலவை எந்த நாடும் தன் நிலம் என்று சொல்ல முடியாது. தோண்டி எடுத்த பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ளலாமா என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை. 2015-இல் அமெரிக்கா தன் குடிமக்களுக்கு அந்த உரிமையைச் சட்டமாக்கியது. லக்சம்பர்க் போன்ற நாடுகள் பின்தொடர்ந்தன. நம் 2023 விண்வெளிக் கொள்கையும் தனியார் எடுக்கும் விண்வளத்தை அவர்களே வைத்துக்கொள்ளவும் விற்கவும் இடம் தருகிறது. இது எனக்கு ஏற்புடையதல்ல. ஏரித் தண்ணீரைத் தலைமடைக்காரர் தன் வயலுக்கு முழுதும் திருப்பிவிடாமல் முறை வைத்துக் கடைமடை வரை விட்ட ஊர்கள் நம்முடையவை. நிலவுப் பனிக்கட்டிக்கும் அந்த முறை வேண்டும். இன்று ராக்கெட் இல்லாத நாடுகளும் ஐம்பது ஆண்டு கழித்து அங்கே வரும். சூரிய ஒளி படாத பள்ளத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த பனியை ராக்கெட் எரிபொருளாகப் பிரித்து எரித்துவிட்டால் மறுபடி சேராது. குடிக்கவும் மூச்சுக்கும் முதல் உரிமை, எரிபொருளுக்கு அடுத்ததுதான் என்பதை விதியாக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் பாதுகாப்புக்கும் விதி வேண்டும். 1969-இல் அப்பல்லோ 12 இறங்கிய இடத்துக்கு ஏறக்குறைய 160 மீட்டர் தொலைவில், இரண்டரை ஆண்டுக்கு முன்பே இறங்கியிருந்த சர்வேயர் 3 கலம் நின்றது. வீரர்கள் அதன் சில பாகங்களைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். அப்பல்லோ இறங்கியபோது எழும்பிய புழுதி, உப்புத்தாள் கொண்டு தேய்த்ததுபோல் அவற்றைச் சுரண்டியிருந்தது. காற்றில்லாத நிலவில் புழுதியைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் விருப்பத்துக்கு இறங்கினால் அடுத்த நாட்டின் சூரியத் தகடும் சன்னலும் பாழாகும். எல்லோருக்கும் பொதுவான இறங்குதளம் ஒன்றை, நிலவு மண்ணையே உருக்கி இறுக்கி அமைப்பது, தனித்தனி கொடிகளைக் காட்டிலும் அவசரமான வேலை.

இந்தியா இதில் வசதியான இடத்தில் இருக்கிறது. 1982-இல் நிலவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம், உறுதிப்படுத்தவில்லை. 2023-இல் அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் கையெழுத்திட்டோம். விண்வளங்களை எடுப்பதற்கான கொள்கைகளை வகுக்க ஐ.நா. விண்வெளிக் குழுவின் கீழ் ஒரு பணிக்குழு இயங்குகிறது. நிலவில் நீரைக் காட்டிய நாடு, தென்துருவப் பகுதியில் முதலில் இறங்கிய நாடு என்ற தகுதியோடு கடைமடை நாடுகளுக்காக அங்கே நாம் பேசலாம். முதலில் நம் கொள்கையைத் திருத்திக்கொண்டு பேச வேண்டும்.

பசித்த நாட்டுக்கு நிலவு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததைப் பார்த்தவர்கள் நாம். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் இன்று கழிவுநீரைச் சவ்வுகளில் வடித்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். விண்வெளி நிலையத்தில் நடப்பதும் அடிப்படையில் இந்த வேலைதான். அங்கே கடைசிச் சொட்டு வரை கணக்குக் கேட்கப்படுகிறது. மூடிய வீட்டில் பழகும் பொறியாளர் ஒரு நகரத்தின் கழிவுநீரைக் கையாளவும் தகுதியானவராக வெளியே வருவார். ராக்கெட் எஞ்சின் அறிந்தவரைவிட அவர் நமக்கு உடனடியாகப் பயன்படுவார்.

2025 ஆகஸ்டில் லடாக்கின் சோ கார் பகுதியில் இருவர் பத்து நாள் தங்கிப் பார்க்கும் சிறு கூடம் ஒன்று இஸ்ரோவின் ஆதரவோடு அமைந்தது. நல்ல தொடக்கம். அடுத்த படி அதைவிடப் பெரிதாக வேண்டும்: நான்கு பேர், காற்றுப் புகாத கட்டடம், முதலில் மூன்று மாதம், பிறகு ஓர் ஆண்டு. வடிவமைப்பில் வேளாண் பல்கலைக்கழகங்களின் மண்ணியலாரும் நுண்ணுயிரியலாரும் முதல் நாளிலிருந்தே உட்கார வேண்டும். கான்கிரீட்டைப் பற்றிக் கேட்க ஒரு கட்டுமானப் பொறியாளரும் வேண்டும். உள்ளே அளக்கப்படும் ஆக்சிஜன், நீர், எடை, நோய், மனச்சோர்வு எல்லாம் அன்றன்றே பொதுவில் வெளியாக வேண்டும்; சோதனை தோற்றால் தோல்வியும் வெளியாக வேண்டும்.

விண்வெளி நிலையத்தின் முதல் கூடத்தை 2028-க்குள் மேலே அனுப்புவது அரசின் திட்டம். கழிவுநீரை மீட்கும் கருவிக்கான இடமும், செடி அடுக்குகளுக்கான மின்சாரமும், காற்றைச் சுழற்றும் குழாய்களின் பாதையும் வரைபடத்திலேயே முடிவாக வேண்டியவை. பறந்த பிறகு ஒட்டவைக்க முடியாதவை. முதல் கூடத்துக்கு மூடிய வீட்டின் பாடம் போய்ச் சேர நேரம் போதாது. இந்த ஆண்டே அடிக்கல் வைத்தால், 2035-க்கு முன் சேரவிருக்கும் மற்ற கூடங்களுக்குப் போய்ச் சேரும்.